அந்தப் பழைய ஸ்கேட்ஸ் இந்தப் பெட்டிக்குள் இல்லை

அன்பு மகனுக்கு,

பெட்டியைத் திறந்தவுடன் உன் கை நேரே அடிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். கையை எடு. முதலில் இதை வாசி. நீ கேட்ட பழைய ஸ்கேட்ஸ் இந்தப் பெட்டிக்குள் இல்லை. நான் மறக்கவில்லை, தேடிக் கிடைக்காமலும் போகவில்லை. நிலவறையில் உன் பழைய சைக்கிள் தொங்குகிற கொளுக்கிக்குக் கீழே, அப்பா சுற்றிக் கட்டிவைத்த துணிக்குள் அது பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்தேன், துடைத்தேன், சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போகிற வருகிற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்ப மனம் வரவில்லை. ஏன் என்று போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்பாய், மற்றக் கையால் வேறு யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ அழுதழுது படித்த எழுத்து இப்போது உனக்கு எவ்வளவு ஓடுமோ தெரியாது. ஜெனிற்றாவிடம் கொடு. மன்னாரில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், கடகடவென்று வாசிப்பாள். உண்மையில் உன் மனைவி வாசிக்க நீ பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும் என்பதுதான் என் விருப்பம். போனை மற்ற அறையில் வைத்துவிட்டு வந்து இரு.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் நீ போன் எடுத்தாய். குரலில் அப்படி ஒரு துள்ளல். எத்தனையோ மாரிகளாக மழையும் சேறும்தான், இந்த முறைதான் ஏரிகள் உறைந்திருக்கின்றன, கோப்பன்ஹேகனில் உன் கந்தோரில் எல்லோரும் அதைத்தான் கதைக்கிறார்கள், வருகிற சனிக்கிழமை ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்து சேர்ந்த முதல் மாரியில் அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறதே என்று நான்தான் உன்னைக் கரைச்சல்படுத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வசனத்தில்தான் இதைக் கேட்டாய்.

“அம்மா, என்ர பழைய ஸ்கேட்ஸ் கிடக்கோ? அதை அனுப்பிவிடுங்கோ. ஜெனிற்றாவுக்கு.”

“அது அப்பவே உன்ர காலுக்குப் பெரிசு. அவளின்ர கால் எவ்வளவு சின்னன்.”

“ரெண்டு சொக்ஸ் போட்டாச் சரிவரும். அதோட, அது ராசியான ஸ்கேட்ஸ் எல்லோ?”

“நகரசபை பலகை வைச்சிட்டுதோ, ஐசில இறங்கலாமெண்டு?”

“இன்னும் இல்லை. ஆனா ஆக்கள் போகினம் அம்மா. ஆயிரம் பேர் நிக்கினம்.”

பிறகு டெனிஷில், வெறும் ஸ்கேட்ஸ்தானே, ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாய். அப்பா கதவடியில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். “என்னவாம்?” என்று கேட்டார். ஸ்கேட்ஸ் கேட்கிறான் என்றேன். அவருடைய முகம் விரிந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். “பாத்தீரே? பிள்ளைக்குத் தெரியுது” என்றார். என்ன தெரியுது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கதை எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், இங்கு ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். உன் கலியாண மண்டபத்தில் ஜெனிற்றாவின் தகப்பனுக்கும் அதைச் சொல்லித்தான் விட்டார்.

ஜெனிற்றா, உனக்கு அது பாதிதான் கேட்டிருக்கும், மேளச் சத்தம். மாமாவின் கதை இதுதான்: மகன் பதின்மூன்று வயதில் ஐஸ் உடைந்து ஏரிக்குள் விழுந்தான், ஒரு அளவு பெரிதாக வாங்கின ஸ்கேட்ஸ் என்றபடியால் அது காலைவிட்டுக் கழன்றது, கால் சுலபமாக வெளியே வந்தது, பிள்ளை பிழைத்தான். “அளவாய் வாங்கியிருந்தா அண்டைக்கே போயிருப்பான்” என்று முடிப்பார். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். இவர் தண்ணீர் குடிப்பார்.

மகனே, அந்தக் கதை சரியில்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நீ அதை நம்பி அதே சப்பாத்துக்குள் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் காலை வைக்கப்போகிறாய். இனி எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

உன் அப்பா கடைக்குப் போனால் உன் காலுக்குச் சப்பாத்து வாங்கமாட்டார், அடுத்த வருடத்துக் காலுக்குத்தான் வாங்குவார். “வளருற பிள்ளை, ஒரு அளவு பெரிசா எடுப்பம்.” அவர் மட்டுமா? நாங்கள் இங்கு வந்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கைமடித்த கோட்டும் நுனியில் பஞ்சு அடைத்த சப்பாத்துமாகத்தான் கோயிலுக்கு வந்தார்கள். உன் முதல்நன்மைக் கோட்டை வருடங்கள் கழித்து உறுதிபூசுதலுக்கும் போட்டாய், அப்போதும் தோளில் இடம் மிச்சம் இருந்தது. சிறு வயதில் நீ நடந்து வந்தால் முதலில் சப்பாத்து வரும், பிறகுதான் நீ வருவாய். அதைச் சொல்லிச் சிரிப்போம். அதில் குறை ஒன்றுமில்லை, வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வாங்கமுடியும். கோட்டில் மிச்சத்தை மடிக்கலாம், சாதாரணச் சப்பாத்தில் பஞ்சு வைக்கலாம். ஸ்கேட்சுக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு இரும்புப் பிளேட் இருக்கிறது, உடம்பு முழுக்க அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை. நானும்தான் கூடப் போனேன். கடையில் உன் குதிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, “காணும், இடமிருக்கு” என்று சொன்னதே நான்.

அன்றைக்கு ஏரியில் இறங்கலாம் என்ற பலகை இருந்தது. அதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் சட்டத்தை மீறிப் போகவில்லை. ஏரிக்கரை முழுக்க டெனிஷ்காரக் குடும்பங்கள், நாய்கள், குழந்தைகளை இழுக்கிற மரச்சறுக்குகள். சிற்றாறு வந்து விழுகிற மூலையில் மட்டும் ஐஸ் மெல்லிசு என்று கம்பு நட்டுச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். அப்பா என் பக்கத்தில் தேநீர்ப் போத்தலோடு நின்றார். நான் உன் வீட்டுச் சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்குள் சூடு இருக்கவேண்டும் என்பதற்காக. நீ நன்றாகத்தான் போனாய். நேரே போவதற்கு உனக்கு ஒரு குறையும் இல்லை. பின்காற்று வேறு. வேகம் பிடித்து எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினாய். அப்பாவும் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

நாடாவைக் கண்டதும் நீ திரும்ப முயன்றாய். நான் அதைக் கண்டேன். தோள் திரும்பியது, இடுப்புத் திரும்பியது, முழங்கால் திரும்பியது, சப்பாத்துக்குள் உன் கால் திரும்பியது. பிளேட் திரும்பவில்லை. உன் கால் ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமுமாகக் கணுக்கால் உள்ளே மடிய, நீ நேரே நாடாவுக்குள்ளால் போனாய். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பை உடைந்த அளவுதான். பிறகு உன் தொப்பி மட்டும் ஐசின்மேல் கிடந்தது.

அப்பா ஓடினார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதை நான் அப்போது நினைக்கவேயில்லை, அவரும் நினைத்திருக்கமாட்டார். கரையில் கிடந்த மீட்பு ஏணியை யாரோ ஒரு டெனிஷ்காரர் தூக்கிக்கொண்டு வந்து, படுங்கள், படுங்கள் என்று கத்தினார். இரண்டு பேரும் வயிற்றில் ஊர்ந்து ஏணியை உன் பக்கம் தள்ளினார்கள். நீ வெறுங்கையால் ஐஸ் விளிம்பைப் பிடித்துப் பிடித்து வழுக்கினாய். பிடிக்கப் பிடிக்க உடைந்தது. ஏணிப் படி உன் கக்கத்துக்குள் அகப்பட்ட பிறகுதான் இழுத்தார்கள். வெளியே வந்தபோது ஒரு ஸ்கேட் பாதி கழன்று லேசில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கண்டது அதை, கதையாகச் சொல்வதும் அதை. உன்னை இழுத்தது ஏணியும் இரண்டு மனிதருடைய கையும். கழன்ற சப்பாத்து எதையும் செய்யவில்லை. கழன்றுபோகிற சப்பாத்து என்றபடியால்தான் நீ அந்த மூலைக்கே போனாய்.

வீட்டுக்கு வந்து உன்னைப் போர்வைகளுக்குள் சுற்றிவைத்துவிட்டு நான் சமையலறையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். “பெரிய சப்பாத்தாலதான். கால் உள்ளுக்க சுழண்டதை நான் கண்டனான்.” அடுத்த நாள் இறைச்சித் தொழிற்சாலையில் அவர் வேலையில் கவனமில்லாமல் நிற்கிறார் என்று மேற்பார்வையாளர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு சாப்பிடமாட்டார். உன் அறைக் கதவைத் திறந்து பார்ப்பார், மூடுவார், திரும்பவும் திறப்பார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். எனக்கு இரண்டு பேரையும் இழந்துவிடுவேனோ என்று பயம் பிடித்தது. பிறகு நத்தார் ஒன்றுகூடலில் யாரோ, “என்னண்டு அண்ணை பிள்ளை தப்பினவன்?” என்று கேட்டார்கள். அப்போதுதான் இவர் முதல்தடவையாக, “ஸ்கேட்ஸ் ஒரு அளவு பெரிசு, அதுதான் கழண்டு காப்பாத்தினது” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குத்தான் அவர் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எங்கே சொன்னாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். திரும்ப அப்படி நடந்தால் திரும்பவும் ஆட்டுவேன். சோறு உள்ளே போகிற மனிதர்தான் எனக்கு வேண்டும்.

அப்படியே விட்டிருப்பேன். இந்தத் திங்கட்கிழமைதான் விட முடியாமல் போனது.

நான் ஜெனிற்றாவுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். நீ வேலையில் இருந்தாய். கால் அளவு தெரியவேண்டும், ஒரு தாளில் ஏறி நின்று பென்சிலால் சுற்றிவரைந்து காட்டு பிள்ளை என்றேன். அவள் வரைந்தாள். அளந்து நீளத்தையும் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். உடனே வைத்துவிடவில்லை.

“மாமி, ஒண்டு கேக்கட்டே? ஐசுக்குக் கீழ தண்ணி ஓடிக்கொண்டோ இருக்கும்?”

“ஓம் பிள்ளை. இருக்கும்.”

“எனக்குக் கடலெண்டாப் பயமில்லை. ஊரில எவ்வளவு தூரம் நீந்துவன். தண்ணிக்கு மேல எழும்பி நிக்கிறதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு.”

“அவனுக்குச் சொன்னனியே?”

“சொல்லேல்லை. சொன்னா என்னை விட்டிட்டுத் தனியப் போவார், அல்லாட்டித் தானும் போகாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார். எனக்குப் போகவும் விருப்பம் மாமி. விருப்பமாவும் கிடக்கு, பயமாவும் கிடக்கு.”

“அப்ப நான் சொல்லட்டே?”

“வேண்டாம் மாமி. நானே என்ர வாயால சொல்லுறன்.”

இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் அவளிடம் கேட்டேன், இன்னும் சொல்லவில்லையாம். ஜெனிற்றா, என் பிள்ளை, இந்தப் பக்கத்தை நீ பாய்ந்து போயிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். உன் வாயாலேயே சொல்வதாகச் சொன்னாய். இப்போது உன் வாயாலேயே வாசித்துவிட்டாய், இனி அவன் பாடு. மகனே, கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தைப் பார். உன்னோடு சேர்ந்து சிரித்தாள் என்றதும் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று நினைத்துக்கொள்கிறாய். புதிதாக வந்த இடத்தில் பெண்பிள்ளை பயத்துக்கும் சிரிக்கும். நானும் இந்த நாட்டில் அப்படிச் சிரித்துத் திரிந்தவள்தான். அவள் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் கவனி. போக ஆசைப்படுகிறாள். ஆசைப்படுகிற பிள்ளையைச் சரியான சப்பாத்தோடு கூட்டிக்கொண்டு போ என்பதுதான் நான் கேட்பது.

நேற்று வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்ததும் சீருடையோடேயே இங்குள்ள விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். மூக்கில் வளையம் போட்ட ஒரு சின்னப் பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கால்படத்தைக் காட்டினேன். காட்டிவிட்டு என் வாய் தானாகச் சொல்கிறது, ஒரு அளவு பெரிதாகக் கொடுங்கள் என்று! இவ்வளவு நடந்த பிறகும்! எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. “உங்கள் காலில் போட்டுப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்” என்றாள். கடை நடுவில் இறப்பர் விரிப்பின்மேல், இந்த வயதில், வாழ்க்கையில் முதல்தடவையாக ஸ்கேட்ஸ் போட்டு எழும்பி நின்றேன். அவளுடைய முழங்கையை நசுக்கிவிட்டேன். முதலில் பெரியதைப் போட்டாள், கால் உள்ளே மிதந்தது, கணுக்கால் உடனே உள்ளே சாய்ந்தது. எனக்கு உன்னை அந்த நாடாவடியில் கண்டது கண்முன்னே வந்து, கதிரையில் இருந்துவிட்டேன். சுகமில்லையா என்று கேட்டாள். இல்லை, அளவானதைத் தா பிள்ளை என்றேன். அதையும் போட்டுப் பார்த்தேன், ஆனால் ஜெனிற்றாவின் காலில்லாமல் வாங்க மனமில்லாமல் வந்துவிட்டேன்.

அளவு என்பது இதுதான். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும், முழங்காலை மடித்துக் குனிந்தால் விரல் பின்னுக்கு வந்து கொஞ்சம் இடம் கிடைக்கவேண்டும். குதியைத் தூக்கச் சொல், சப்பாத்துக்குள் குதி அசையக்கூடாது, சப்பாத்தும் சேர்ந்து எழும்பவேண்டும். ஒரே ஒரு சொக்ஸ், கம்பளியாக இருந்தாலும் மெல்லியது. ஏரிக்குப் போடப்போகிற அதே சொக்சோடு கடைக்குப் போகவேண்டும். இரண்டு சொக்ஸ் என்ற பேச்சை இனி என் காதில் போடாதே. லேசை விரலடியில் தளரவும் கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கியும் கட்டு. முதல் சுற்று வந்தவுடன் அவளை இருத்தி நீயே குனிந்து திரும்பக் கட்டிவிடு, புதுச் சப்பாத்து இளகிக் கொடுக்கும். ஆட்கள் பார்ப்பார்கள்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

எந்த மாதிரி வாங்குவது என்றும் கேட்டேன். ஸ்கேட்டிங் மண்டபத்து ஐசை மெஷின் வந்து வழித்துவிட்டுப் போகும். ஏரியை யார் வழிப்பது? காற்றடித்த பக்கம் திரை திரையாக உறைந்திருக்கும், வெடிப்பு இருக்கும், வெடிப்புக்குள் குச்சியும் சருகும் இறுகிக் கிடக்கும். படத்துக்கு அழகான அந்த வெள்ளைச் சப்பாத்து ஜெனிற்றாவின் கண்ணில் படும், நீயும் உருகிப்போய் வாங்கிவிடுவாய். அதன் பிளேட் நுனியில் பல் இருக்கிறது, கரடுமுரடான இடத்தில் அந்தப் பல் கடித்தால் ஆள் முகங்குப்புறத்தான். நீ பள்ளிக்கூடத்து நண்பர்களோடு போட்ட ஹொக்கி ஸ்கேட்சுக்குப் பிளேட் கட்டை, வெடிப்புக்குள் இறங்கிவிடும். ஏரிக்கு நீளமான பிளேட், முன்நுனி மேலே வளைந்தது, வெடிப்பை அது தாண்டிப் போகும். ஆனால் மிக நீளமானது சட்டென்று திரும்பாது, புதிதாகப் பழகுகிறவளுக்கு அது வேண்டாம். நடுத்தர நீளம், கணுக்காலுக்கு மேலே உயர்ந்த, கையால் அமத்தினால் மடியாத விறைப்பான சப்பாத்து. புதியது என்றாலும் தீட்டியிருக்கிறதா என்று கேள், பலதும் தீட்டாமல்தான் வருமாம். எனக்கு நீ ஒரு வாக்குத் தரவேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரண்டு பேருமாகக் கடைக்குப் போகவேண்டும். நீ தனியே போய் வாங்கி வந்து அவளை ஆச்சரியப்படுத்தத் தேவையில்லை. ஸ்கேட்ஸ் அவளுடைய காலுக்கு, அவளே நின்று பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று கழற்றட்டும்.

ஆயிரம் பேர் நின்றாலும் பலகை வைக்காத ஏரியில் இறங்காதே. சனிக்கிழமைக்குள் வைக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை. அதற்குள் உருகிவிட்டால் அடுத்த வருடம். இதில் உன்னோடு பேரம் பேச நான் தயாரில்லை.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, தாள்களை மேசையில் ஸ்கேட்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னேர வேலைக்குப் போனேன். வந்து ஒட்டி அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்பா பொதுவாக என் தாள்களைத் தொடுவதில்லை. ஆனால் மேசையில் ஸ்கேட்ஸ் இருந்ததே, அதைப் பார்க்க வந்தவர் பக்கத்தில் இருந்ததையும் பார்த்திருக்கிறார்.

நான் வந்தபோது சமையலறையில் வெளிச்சம் இருந்தது. தாள்கள் ஒழுங்காக அடுக்கி இருந்தன. அவருடைய கண்ணாடி அதன்மேல் இருந்தது. ஸ்கேட்சைக் காணவில்லை, அவரையும் காணவில்லை. கைப்பையைக் கூட வைக்காமல் நிலவறைக்கு இறங்கி ஓடினேன். கீழே மரவேலை மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எதையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

“இஞ்சேருங்கோ” என்றேன். மன்னிப்புக் கேட்பதா, கோபிக்காதீர்கள் என்பதா?

தேய்த்துக்கொண்டே சொன்னார். “நானும் கண்டனான்.”

“என்னத்தை?”

“கால் திரும்பினது. இரும்பு திரும்பேல்லை.”

அரத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். அழவில்லை. களைத்துப்போன முகம். “அண்டைக்கே கண்டனான். நீர் சமையலறையில சொல்ல முதலே எனக்குத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லேக்க நீர் தலையாட்டிறனீர், உமக்கு அது வேணுமாக்கும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு முறையும் உம்மைத்தான் பாத்துச் சொன்னனான், ஒருநாளைக்கு நிப்பாட்டச் சொல்லுவீரெண்டு.”

நான் படியிலேயே இருந்துவிட்டேன். இவ்வளவு காலமும் அவருக்காக நான் தலையை ஆட்டினேன், எனக்காக அவர் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு. இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். “எழுதும். நான் சொன்னனான் எண்டே எழுதும்” என்றார்.

இனி பெட்டிக்குள் கையை விடு. மேலே இருப்பது உனக்குத் தெரிந்ததுதான், எங்கள் வாசல் கொளுக்கியில் எல்லா மாரியிலும் தொங்கியது. கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு மரப்பிடி, பிடியில் ஆணி, ஆணி குத்தாமல் இருக்கத் தக்கை. ஐசுக்குள் விழுந்தால் வெறுங்கை வழுக்கும், இந்த ஆணிகளை விளிம்பில் குத்திக் குத்தித்தான் ஏறவேண்டும். நீ விழுந்த அடுத்த கிழமை அப்பா செய்தது. பெரிய சப்பாத்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று உண்மையாக நம்பிய மனிதர் எதற்காக இதைச் செய்தார் என்று அதைத் தூசி தட்டுகிற நான் ஒருநாளாவது யோசித்திருக்கவேண்டும். கீழே இருக்கிற சின்னது புதியது. பிடியைத் தேய்த்து மெல்லிசாக்கி, கயிற்றைக் கட்டையாக்கி, ஜெனிற்றாவின் கைக்கென்று இன்றைக்குச் செய்தார். அளவாகத்தான் செய்தார், பெரிதாக அல்ல. கோட்டுக்கு வெளியே, கழுத்தில் போடவேண்டும். சட்டைப்பைக்குள் வைத்தால் பிரயோசனமில்லை.

பழைய ஸ்கேட்சை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. துணி மட்டும் மடித்து இருக்கிறது.

பலகை வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன உடனே நாங்கள் ரயில் ஏறுகிறோம். நாங்கள் வந்து சேரும்வரை ஐசில் கால் வைக்காதே. நான் கரையில் நின்று அவளுடைய சப்பாத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன், அது எனக்குப் பழகின வேலை. அப்பா தேநீர்ப் போத்தலோடு வருவார். அவள் முதல் சுற்றுப் போய்விட்டு வந்து மூச்சு வாங்க இருக்கும்போது அவர் தொண்டையைச் செருமுவார். அந்தக் கதைதான் வரப்போகிறது, எங்களுக்குத் தெரிந்ததுதானே என்று நீ எழும்பிப் போய்விடாதே. இந்த முறை அவர் சொல்லப்போகிறதை நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் இந்த முறை தலையை ஆட்டமாட்டேன். உன்னைப் போலத்தான், இருந்து கேட்கப்போகிறேன்.

அம்மா